நடுவயதுக்குப் பிறகு ஓடத் தொடங்குவது எப்படி: முதல் நிமிடத்திலிருந்து 10 கிலோமீட்டர் வரை

நாற்பத்தைந்து, ஐம்பது, அறுபது வயதில் ஓடத் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே விட்டுவிடுவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை முதல் வாரங்களில் எல்லோரும் பயத்தோடும் கவனத்தோடும்தான் ஓடுகிறார்கள். சிக்கல் வருவது இரண்டாவது மாதத்தில். அதற்குள் மூச்சு பழகிவிடுகிறது. தொடக்கத்தில் ஒரே நிமிடத்தில் இரைத்தவருக்கு இப்போது பத்து நிமிடம் ஓடினாலும் இரைப்பதில்லை. இன்னும் கொஞ்சம் போகலாமே என்று தோன்றுகிறது, போகிறார். அடுத்த வாரம் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, அல்லது குதிகாலுக்கு மேலே வலி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஓட்டம் நின்றுபோகிறது.

இதற்குக் காரணம் உடம்பின் பாகங்கள் ஒரே வேகத்தில் பழகாததுதான். பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தை அனுப்பத் தொடங்குகிறது. ஒன்றிரண்டு மாதங்களில் தசைகளுக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன. ஆனால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அவை உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். எலும்பு இன்னும் விசித்திரமானது. புதிய பாரம் வரும்போது அது முதலில் பழைய பகுதியை அரித்து எடுத்துவிட்டு, பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. அந்த இடைப்பட்ட வாரங்களில் அந்த இடம் முன்பைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கும். ஒரு சுற்று முடிய மூன்று, நான்கு மாதங்கள் பிடிக்கும்.

ஆகவே தூரத்தைத் தீர்மானிக்க வேண்டியது மூச்சு அல்ல, கால். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

தொடங்கும் முன் மருத்துவரிடம்

ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள், நீண்ட காலம் புகைபிடித்தவர்கள், குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பால் இறந்தவர்கள் உள்ளவர்கள், மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோர் மருத்துவரைப் பார்க்காமல் ஓடத் தொடங்கக் கூடாது. பல வருடங்களாக உடம்பை அசைக்காமல் இருந்த மற்றவர்களுக்கும் இது நல்லதே. "நடக்கப் போகிறேன்" என்று சொல்லாதீர்கள். "ஓடப் போகிறேன்" என்றே சொல்லுங்கள். இரண்டுக்கும் அவர் கேட்கும் கேள்விகள் வேறு.

சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றியும் கேளுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் நாடித் துடிப்பை ஏறவிடாது. கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பி ஓடினால் ஏமாந்துபோவீர்கள். இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் ஓட்டத்தின்போது சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். சர்க்கரை உள்ளவர்கள் ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் பாதத்தைத் திருப்பிப் பார்த்து, கொப்புளமோ சிராய்ப்போ இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ, வலி தாடைக்கோ கைக்கோ பரவினாலோ, தலை சுற்றினாலோ, துடிப்பு தாறுமாறாக ஓடினாலோ உடனே நின்றுவிடுங்கள். உடனே உதவிக்கு ஆளைக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

முதல் மாதம்: நடை மட்டும்

வாரத்துக்கு ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் 30 நிமிடம், கை வீசி வேகமாக நடக்க வேண்டும். நான்கு வாரம். ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள் தாண்டக் கூடாது.

மாத முடிவில் இரண்டு சின்னச் சோதனைகள். முதலாவது, சுவருக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நில்லுங்கள். முப்பது நொடி தள்ளாடாமல் நிற்க முடிகிறதா? இரண்டாவது முக்கியமானது. சுவரை விரல்நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை மடக்காமல், குதிகாலை எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். ஐந்தாறு முறை எளிதாக வரும். பத்தைத் தாண்டும்போது குதிகால் முன்பு போன உயரத்துக்குப் போகாது, உடம்பு முன்னால் சாயும், முழங்கால் தானாக மடங்கப் பார்க்கும். அந்த இடத்தில் எண்ணுவதை நிறுத்திவிடுங்கள். அதுதான் உங்கள் உண்மையான எண்ணிக்கை. இரண்டு காலிலும் பதினைந்து முறையாவது வந்தால் ஓடத் தொடங்கலாம். வராவிட்டால் நடையைத் தொடர்ந்தபடி இதையே பயிற்சியாகச் செய்யுங்கள். ஒரு காலுக்கும் மற்றதற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், பலவீனமான காலுக்குக் கூடுதல் சுற்று கொடுங்கள்.

ஷூவும் தரையும்

ஷூவைப் பற்றிப் பேசியே மாதங்களைக் கழிப்பவர்கள் உண்டு. அவ்வளவு தேவையில்லை. போட்டுக்கொண்டு ஓடிப் பார்க்கும்போது சுகமாக இருப்பதை வாங்குங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அந்த நேரத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. பெரும்பாலான ஷூக்கள் 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். அடிப்பாகம் மிக மெல்லிய ஷூக்களும் வெறுங்கால் ஓட்டமும் கெண்டைக்கால் மீதும் குதிகால் நாண் மீதும் பாரத்தை ஏற்றுகின்றன; முதல் வருடத்தில் வேண்டாம்.

தரை சமமாக இருந்தால் போதும். ஓரம் சரிந்த சாலையில் எப்போதும் ஒரே பக்கமாக ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் மிதிக்கும். திரும்பி வரும்போதாவது பக்கம் மாறட்டும்.

ஓட்டமும் நடையும் கலந்து

ஜெஃப் காலோவே 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். இடையிடையே நடந்து ஓடும் முறையைப் பெரும் மக்களிடம் கொண்டுபோனதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நடுவில் நடப்பது தோல்வி அல்ல. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நடை இடைவெளியில் அந்தப் பாரம் குறைந்து, களைத்த தசை மீண்டும் வேலை செய்யத் தயாராகிறது. களைத்த தசை அதிர்வைத் தாங்காது. தாங்காததை நாணும் எலும்பும் வாங்கிக்கொள்கின்றன. அதனால் களைத்த பிறகு நடக்காதீர்கள், களைக்கும் முன்பே நடந்துவிடுங்கள்.

வாரம் மூன்று நாள். அடுத்தடுத்த நாட்களில் ஓடக் கூடாது. ஒவ்வொரு முறையும் முதலில் பத்து நிமிட நடை, முடிவில் ஐந்து நிமிட நடை. நடுவில் இப்படி:

1, 2ஆம் வாரம்: 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 8 சுற்று.
3ஆம் வாரம்: 2 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 6 சுற்று.
4ஆம் வாரம்: அதுவே, 4 சுற்று மட்டும்.
5, 6ஆம் வாரம்: 3 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 5 சுற்று.
7ஆம் வாரம்: 5 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 4 சுற்று.
8ஆம் வாரம்: அதுவே, 3 சுற்று மட்டும்.
9, 10ஆம் வாரம்: 8 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 3 சுற்று.
11ஆம் வாரம்: 12 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 2 சுற்று.
12ஆம் வாரம்: 8 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 2 சுற்று.
13, 14ஆம் வாரம்: 15 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, மறுபடி 15 நிமிட ஓட்டம்.

நான்கு வாரத்துக்கு ஒரு முறை வரும் அந்தக் குறைந்த வாரத்தைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். உடம்பு நன்றாக இருக்கிறதே, எதற்குக் குறைக்க வேண்டும் என்று தோன்றும். உள்ளே எலும்பும் நாணும் பின்தங்கியிருந்தால் அவை எட்டிப்பிடிப்பது அந்த வாரத்தில்தான். ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதையே மறுபடி செய்யுங்கள். ஜோஷ் கிளார்க் 1996இல் வகுத்த, 5 கிலோமீட்டருக்கு 9 வாரத்தில் கொண்டுபோகும் திட்டம் உலகெங்கும் பெயர் பெற்றது, நல்லதும்கூட. ஐம்பதைத் தாண்டியவர்கள் அதைப் பின்பற்றினால் ஒவ்வொரு வாரத்தையும் இரண்டு வாரமாக இழுத்துக்கொள்ளச் சொல்வேன்.

எவ்வளவு வேகம்?

முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். தனியாக ஓடுகிறவர்கள் இரண்டு வரி வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். பலருக்கு இது கிலோமீட்டருக்கு 8, 9 நிமிடமாக இருக்கும். வேகமாக நடப்பவர்கள் உங்களைத் தாண்டிப் போகலாம். போகட்டும்.

நாடித்துடிப்பின் உச்சத்தைக் கணக்கிட 220இலிருந்து வயதைக் கழிக்கும் வழி பரவலாக இருக்கிறது. 2001இல் வந்த இன்னொரு சூத்திரம், வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கச் சொல்கிறது. அறுபது வயதுக்காரருக்கு முதலாவது 160 தருகிறது, இரண்டாவது 166. இரண்டுமே சராசரிதான், உங்கள் உண்மையான உச்சம் இதிலிருந்து பத்து, பன்னிரண்டு துடிப்பு மேலேயோ கீழேயோ இருக்கலாம். பேச்சுச் சோதனையே மேல்.

மெதுவாக ஓடினால் முன்னேற்றம் வராது என்ற சந்தேகம் எல்லோருக்கும் உண்டு. கனடாவின் எட் விட்லாக் 2004இல், 73 வயதில், டொரான்டோ மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 நொடியில் முடித்தார். எழுபதைத் தாண்டியவர்களில் மூன்று மணி நேரத்துக்குள் மாரத்தான் ஓடிய முதல் ஆள் அவர்தான். அவருடைய பயிற்சியில் பெரும்பகுதி, வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தில் சின்னச் சின்ன அடியாக எடுத்துவைத்து மணிக்கணக்கில் மெதுவாகச் சுற்றிவந்ததுதான். இளமையிலேயே ஓடிப் பழகியவர் அவர், அந்த நேரங்களை நாம் குறிவைக்க வேண்டியதில்லை. மெதுவான ஓட்டத்தை அவர் எவ்வளவு மதித்தார் என்பதைப் பாருங்கள்.

ஓடும் விதத்தில் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: அடி சின்னதாக, அடுத்தடுத்து வேகமாக விழ வேண்டும். காலை முன்னால் நீட்டி எட்டி வைக்காமல், உடம்புக்குக் கீழேயே பாதம் இறங்கட்டும். ஒரு நிமிடத்தில் விழும் அடிகளை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டினாலே முழங்கால் மீதான பாரம் குறைகிறது. சத்தமில்லாமல் ஓட முயலுங்கள், மற்றவை தாமாகச் சரியாகும்.

தூரத்தைக் கூட்டுவது

இரண்டு பதினைந்து நிமிடங்களும் எளிதாக வந்த பிறகு, இடையில் இருக்கும் நடையைச் சிறிது சிறிதாகச் சுருக்குங்கள். சுருக்காவிட்டாலும் குறையில்லை, நடை கலந்தே 10 கிலோமீட்டர் போகிறவர்கள் நிறையப் பேர். இந்த நிலையில் பலர் 4 கிலோமீட்டரை ஒட்டி இருப்பார்கள். அங்கிருந்து 5 வரை வாரத்துக்கு 300, 400 மீட்டராக ஏறுங்கள்.

வார மொத்தத்தைப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்பது ஓட்டக்காரர்கள் எல்லோரும் சொல்லும் விதி. தவறில்லை, ஆனால் அது பாதி விஷயம்தான். வார மொத்தம் சரியாக இருந்தும், ஒரே நாளில் வழக்கத்தைவிட நீண்ட தூரம் ஓடிக் காலைக் கெடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். அதனால் நான் முதலில் வைக்கும் விதி இது: கடந்த முப்பது நாளில் நீங்கள் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் எந்த ஒரு நாளும் ஓடக் கூடாது. நண்பர்கள் கூப்பிட்டாலும் சரி, காற்று குளிர்ச்சியாக இருந்தாலும் சரி.

மூன்று ஓட்டங்களில் ஒன்றை மட்டும் நீண்டதாக்குங்கள். அந்த நீண்ட ஓட்டம், வாரா வாரம், கிலோமீட்டரில்: 5, 5.5, 6, பிறகு குறைத்து 4.5. அடுத்து 6.5, 7, 7.5, குறைத்து 5.5. அடுத்து 8, 8.5, 9, குறைத்து 6.5. பிறகு 9.5, 10. மற்ற இரண்டு ஓட்டங்களும் மெதுவாகக் கூடட்டும். நீண்டது 6 ஆக இருக்கும்போது மற்றவை நான்கு நான்கு, நீண்டது 10 ஆகும்போது ஆறும் ஐந்தும். வார மொத்தத்தில் பாதிக்கு மேல் ஒரே நாளில் விழக் கூடாது.

தூரம், வேகம், மேடு ஏறுவது, ஓடும் நாட்கள் என நான்கில் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் கூட்டலாம். தூரம் ஏறிக்கொண்டிருக்கும் மாதங்களில் மற்ற மூன்றும் அப்படியே இருக்கட்டும்.

இடையில் நின்றுபோனால்? ஒரு வாரம் விட்டால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இரண்டு வாரம் என்றால் தூரத்தில் கால்பங்கைக் குறையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் பாதித் தூரத்தில், நடையும் ஓட்டமுமாகத் தொடங்குங்கள். காய்ச்சல் இருக்கும்போது ஓடவே கூடாது. காய்ச்சல் விட்ட பிறகும் சில நாள் நடந்து பார்த்துவிட்டுத்தான் ஓட வேண்டும்.

வாரம் இருமுறை வலுப் பயிற்சி

இதைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்று யாராவது சொன்னால், ஓட்டத்தில் ஒரு நாளைக் குறைத்தாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். வயது ஏற ஏறத் தசை கரைகிறது. ஓட்டக்காரர்களில் அது முதலில் தெரிவது கெண்டைக்காலில். வயதானவர்கள் ஓடும்போது கணுக்காலால் தரையைத் தள்ளும் விசை குறைகிறது. இந்த வயதில் கெண்டைக்கால் பிடிப்பும் குதிகால் நாண் வலியும் அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓடும்போது அந்த நாண் உடல் எடையைப்போல் ஆறு மடங்கு வரை இழுவையைத் தாங்குகிறது.

குதிகால் உயர்த்துவதுதான் தலையாய பயிற்சி. முழங்கால் நேராக ஒரு முறை, சற்று மடக்கி ஒரு முறை. உள்ளடங்கிய தசைக்கு வேலை கொடுப்பது மடக்கிச் செய்வதுதான். மூன்று சுற்று, சுற்றுக்கு பத்து முதல் பதினைந்து. எளிதாகிவிட்டால் முதுகில் பை மாட்டி எடை கூட்டுங்கள். அதோடு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்வது, படியில் ஒற்றைக் காலால் ஏறி மெதுவாக இறங்குவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது. இருபது நிமிடம் போதும்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்தி வேகமாகக் குறைகிறது. அவர்களுக்கு வலுப் பயிற்சியும் போதுமான புரதமும் இன்னும் அவசியம். ஓடும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட்டு ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள். இது பலருக்கு வருவது. இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியால் பெரும்பாலும் சரியாகக்கூடியது. பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள்.

வலியைப் படிக்கக் கற்றுக்கொள்வது

ஓடிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ இரண்டு தொடையிலும், இரண்டு கெண்டைக்காலிலும் பரவலாக வலித்தால் அது தசை வலி. கவலை வேண்டாம்.

ஒரே காலில், ஒரே இடத்தில் வரும் வலிதான் கவனிக்க வேண்டியது. அதற்குப் பத்துக்கு எத்தனை என்று மனதுக்குள் மதிப்பெண் போடுங்கள். மூன்றுக்குள் இருந்து, ஓட ஓட ஏறாமல், மறுநாள் காலையில் முன்பைவிட அதிகமாகாமல் இருந்தால் அதே அளவில் தொடரலாம். உண்மையான தீர்ப்பு மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் பத்து அடிகளில் இருக்கிறது. குதிகால் நாண் விறைத்திருக்கிறதா, உள்ளங்காலில் குதிகால் பக்கம் குத்துகிறதா, நொண்டுகிறீர்களா என்று அந்த அடிகளில் பாருங்கள். நேற்றைவிட மோசம் என்றால் நேற்று செய்தது அதிகம்.

சில வலிகளில் பேரம் பேசக் கூடாது. முன்கால் எலும்பிலோ பாதத்திலோ விரல்நுனியால் தொட்டுக்காட்டக்கூடிய ஒரு புள்ளியில் வலித்தால், ஒற்றைக் காலில் குதித்தால் அங்கே சுரீரென்றால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால் அது எலும்பு விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இடுப்பு மடிப்பில் வரும் ஆழமான வலிக்கும் இதுவே. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். ஓடும் முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் வேண்டாம்; எச்சரிக்கையை மறைப்பதோடு சிறுநீரகத்தையும் சிரமப்படுத்தும்.

குதிகால் நாண் வலியோடு வருகிறவர்களுக்கு ஓய்வு மட்டும் மருந்தாகாது. சுவீடனின் ஹோகன் ஆல்ஃபிரட்சன் 1998இல் வெளியிட்ட முறை, நடுவயது ஓட்டக்காரர்களைப் படியின் விளிம்பில் நிற்கவைத்துக் குதிகாலை மெதுவாகக் கீழிறக்கச் சொன்னது. தினமும் இருவேளை, 12 வாரம். நாணுக்குத் தேவை அளவான பாரம் என்பதை அது காட்டியது. அந்த 12 வாரக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் சரியாகவில்லையே என்று மனம் சோர வேண்டாம்.

முழங்கால் தேய்ந்துவிடும் என்று நீங்கள் ஓடத் தொடங்கியதும் நான்கு பேராவது சொல்வார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1984இல் தொடங்கி ஐம்பது வயதைத் தாண்டிய 538 ஓட்டக்காரர்களை இருபது வருடங்களுக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். ஓடாதவர்களைவிட அவர்களுக்கு உடல் முடங்குவது பல வருடம் தள்ளிப்போனது. அவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் முழங்கால் தேய்மானமும் கூடியிருக்கவில்லை. ஏற்கெனவே மூட்டு வீங்கி வலிக்கிறவர்கள் மட்டும் மருத்துவர் சொல்படி நடக்க வேண்டும்.

வெயிலும் தண்ணீரும்

வயதானால் தாகமும் வியர்வையும் மந்தமாகின்றன. வெயில் காலம் தொடங்கும்போது உடம்பு பழக பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும். அதுவரை தூரத்தைக் குறையுங்கள். தாகம் லேசாக எடுத்தாலே குடியுங்கள். தாகத்தை மீறி லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்துதான், ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

பத்துக்குப் பிறகு

மேலே உள்ள கணக்குப்படி, நடை மாதத்தையும் சேர்த்து, 10 கிலோமீட்டரைத் தொட எட்டு, ஒன்பது மாதங்கள் ஆகும். பத்தைத் தொட்ட அடுத்த வாரமே அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுக்காதீர்கள். இரண்டு மாதமாவது 8 முதல் 10 கிலோமீட்டருக்குள்ளேயே நீண்ட ஓட்டத்தை வைத்திருங்கள். நான்காவது ஓட்ட நாளைச் சேர்ப்பதானால் அப்போது சேருங்கள், முதலில் 20 நிமிடம் மட்டும். போட்டியில் கலந்துகொள்ள ஆசை இருந்தால் முடிக்கும் நேர வரம்பு தாராளமாக உள்ள 10 கிலோமீட்டர் ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்து, முதல் 3 கிலோமீட்டரை வழக்கத்தைவிட மெதுவாக ஓடுங்கள். அரை மாரத்தான் 21.1 கிலோமீட்டர், முதல் நிமிடம் ஓடிய நாளிலிருந்து ஒன்றரை வருடம் கழிந்த பிறகு அதற்கான பயிற்சியைத் தொடங்கினால் போதும். அப்போதும் இதே ஏற்றம்தான்: மூன்று வாரம் கூட்டி ஒரு வாரம் குறைத்து, நீண்ட ஓட்டத்தை ஒவ்வொரு முறையும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஏற்றாமல்.